காதர் பாயின் ஆறு வோல்ட் காரும் பன்னிரண்டு வோல்ட் மைக்கும்

நம் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் சங்க ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று தம்பிகள் கேட்டபோது முடியாது என்றேன். குனிந்து எழுதினால் கழுத்து வலிக்கிறது. எழுதிக் கொடுத்தாலும் வோல்ட் என்று எழுதிய இடத்தில் ஆம்பியர் என்று அச்சாகிவிடும், அதைப் படித்து யாராவது வண்டியை எரித்துக்கொண்டால் பழி என் தலையில் விழும். இப்படிப் பல காரணம் சொன்னேன். அதற்குப் பிறகு ஒரு பேட்டரி ஆட்டோ வந்து என் மனத்தை மாற்றியது.

போன மாதம் ராஜபாளையம் ரோட்டுப் பட்டறையிலிருந்து மாரிச்செல்வம் போன் செய்தான். பன்னிரண்டு வோல்ட் பேட்டரிகள் நான்கை வரிசையாகக் கோத்து நாற்பத்தெட்டு வோல்ட் ஆக்கி ஓடுகிற ஆட்டோ. நான்கில் ஒன்று மட்டும் திரும்பத் திரும்பச் செத்துப்போகிறது. புதிது போட்டாலும் சாகிறது. பேட்டரி மட்டம் என்றான் ஒருவன், சார்ஜர் மட்டம் என்றான் இன்னொருவன். நான் நேரில் போய்ச் சீட்டைத் தூக்கச் சொல்லி எண்ணினேன். நான்கு பேட்டரிக்கு எட்டு முனை. எட்டு முனைக்கு எட்டு வயர் நுனிதான் இருக்க வேண்டும். பத்து இருந்தன. கூடுதல் இரண்டையும் பிடித்துக்கொண்டே போனால், பின் சீட்டுக்கு அடியில் ஒரு பாட்டுப் பெட்டியில் போய் முடிந்தன.

"பன்னெண்டு வோல்ட்டு செட்டு அண்ணாச்சி. நாப்பத்தெட்டக் குடுத்தா எரிஞ்சிருமேன்னு ஒரு பேட்டரியில மட்டும் எடுத்தேன்" என்றான் ஆட்டோக்காரன். அவன் சொன்னது பாதி சரி. வரிசையாகக் கோத்த பேட்டரிகளுக்கு சார்ஜர் ஒரே அளவாகத்தான் பரிமாறும். நான்கு பேரில் ஒருவன் மட்டும் இரட்டை வேலை பார்த்தால் அவன் வயிறு நிறையாது. மற்ற மூவருக்கும் அளவுக்கு மிஞ்சிப் போய்த் தண்ணீர் கொதிக்கும். இந்தத் தப்பு புதியதில்லை. பேட்டரி வண்டி வராத காலத்திலேயே லாரிகளில் பார்த்துச் சலித்தது. எண்ணிப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டீர்களே என்று தம்பிகள் வியந்தார்கள். அந்த வியப்பு எனக்குச் சேர வேண்டியதில்லை என்பதால் இதை எழுதுகிறேன். அது ஞானமுத்து அண்ணாச்சிக்குச் சேர வேண்டியது.

நான் பி.யு.சி. முடித்தேன், திருநெல்வேலியில் எலெக்ட்ரிகல் படித்தேன், வேலை கிடைக்காமல் அலைந்தேன். அதில் எழுத ஒன்றுமில்லை. சங்கரன்கோவிலில் அண்ணாச்சியின் ஆட்டோ எலெக்ட்ரிகல் பட்டறையில் சேர்ந்தபோது எனக்கு மீசை முழுதாக வந்திருந்தது, புத்தி வரவில்லை. அண்ணாச்சி பனவடலிசத்திரம் பக்கத்துக்காரர். முறையாக டிப்ளமோ படித்தவர். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பேட்டரி வேலை செய்கிற ஒரே மனிதர் அவரைத்தான் பார்த்திருக்கிறேன். ஆசிட் தெறித்தால் சட்டையில் ஓட்டை விழும். ஓட்டை விழவே விழாது, அப்படித்தான் வேலை செய்ய வேண்டும் என்பது அவர் கட்சி.

பேட்டரியைத் தொடுமுன் கைக்கடிகாரத்தையும் கல்யாண மோதிரத்தையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டுவார். வந்திருக்கும் வண்டிக்காரரும் மோதிரத்தைக் கழற்ற வேண்டும். ஸ்பானர்களின் கைப்பிடியில் பழைய ட்யூப் ரப்பரைச் சுற்றியிருப்பார். முதலில் வண்டி உடம்போடு சேரும் எர்த் வயரைக் கழற்றுவார். கழற்றியதும் "எர்த் கழட்டியாச்சு" என்று உரக்கச் சொல்வார். பட்டறையில் யாராவது ஒருவர் "கழட்டியாச்சு" என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் அடுத்த நட்டைத் தொடமாட்டார். மாட்டும்போது எர்த் கடைசி. அதற்கும் பதில் வேண்டும். சேர்ந்த புதிதில் எனக்கு இது சர்ச் ஜெபம் போல இருந்தது. பிறகு ஒரு முறை வேறொரு பட்டறையில் ஸ்பானர் இரண்டு முனைக்கும் குறுக்கே விழுந்து பற்றிக்கொண்டதை நேரில் பார்த்தேன். அன்றிலிருந்து எல்லோருக்கும் முந்தி நான்தான் பதில் சொன்னேன்.

ஆனால் அவருடைய பெரிய வித்தை சாக்பீஸ். வயரைத் தொடுமுன் சிமெண்டுத் தரையில் வண்டியின் சர்க்யூட்டைப் பெரிதாக வரைவார். பேட்டரி ஒரு கட்டம், டைனமோ ஒரு வட்டம், நடுவில் ஆள் நடக்கிற அளவுக்குக் கோடுகள். பிறகு வண்டிக்காரரைப் பார்த்து, "நீருதான் கரண்டு. பாசிட்டிவ்ல கெளம்பி நெகட்டிவ்ல வந்து சேரும்" என்பார். நடக்கத்தான் வேண்டும்.

ஒரு முறை புளியங்குடியிலிருந்து எலுமிச்சை ஏற்றும் லாரி டிரைவர் ஒருவர் வந்தார். இரண்டு பேட்டரி சேர்ந்து இருபத்து நான்கு வோல்ட் வண்டி. ஒன்று சார்ஜ் ஏறாமல் காய்கிறது, ஒன்று கொதிக்கிறது. அண்ணாச்சி அவரை நடக்கவிட்டார். டிரைவர் முதல் கட்டத்தைத் தாண்டி இரண்டாவது கட்டத்துக்கு வந்தவுடன் நின்றுவிட்டார்.

"என்னவே நின்னுட்டீரு?"

"இங்கன ஒரு பாதை பிரியுது அண்ணாச்சி. டேப் ரெக்கார்டருக்கு."

"யாரு பிரிச்சா?"

"நாந்தான்" என்றார் டிரைவர், தரையைப் பார்த்துக்கொண்டு. அந்த வயரை அவிழ்க்கத் தானே ஸ்பானரை எடுத்துக்கொண்டார் டிரைவர். யாரையும் தலைகுனிய வைக்காமல் தப்பை அவர்கள் காலாலேயே கண்டுபிடிக்க வைப்பது அண்ணாச்சியின் வழக்கம். நான் எண்ணுவதெல்லாம் அந்த நடையின் சுருக்கம்தான். பாதை எங்கே பிரிகிறது என்று பார்ப்பதற்குப் பதிலாக நுனிகளை எண்ணுகிறேன்.

இனி காதர் பாய். நான் வேலை செய்த காலமெல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் அதைவிடக் கடினமான வேலை வந்ததில்லை.

காதர் பாய் விளம்பரம் சொல்கிறவர். டாக்கீஸில் என்ன படம், எந்தக் கடையில் தள்ளுபடி, எந்தத் தெருவில் தண்ணீர் வராது, எல்லாவற்றையும் குதிரை வண்டியில் நின்றுகொண்டு தகரக் குழலில் கத்திச் சொல்வார். ஊரில் அவர் குரலைத் தெரியாதவர் கிடையாது. அந்தக் குரலில் கீறல் விழுந்தது. பாளையங்கோட்டை டாக்டர் தொண்டையில் முடிச்சு இருப்பதாகச் சொல்லி, இனிமேல் கத்தினால் குரல் போய்விடும், போனால் திரும்பாது என்று எச்சரித்து அனுப்பினார். பாய்க்கு வேறு தொழில் தெரியாது. குதிரையையும் வண்டியையும் கொடுத்துவிட்டு ஒரு பழைய காரும், ஒரு ஆம்ப்ளிஃபயரும், குழாய் ஸ்பீக்கரும் வாங்கினார். மைக் வந்துவிட்டால் கத்த வேண்டாம் அல்லவா. வாங்கிய பிறகுதான் தெரிந்தது, கார் ஆறு வோல்ட், ஆம்ப்ளிஃபயர் பன்னிரண்டு வோல்ட்.

ஆறும் ஆறும் பன்னிரண்டு என்று யாரோ வழியில் சொல்லியிருக்கிறார்கள். இன்னொரு ஆறு வோல்ட் பேட்டரியை வரிசையில் கோத்து, பன்னிரண்டையும் காருக்கே கொடுத்துவிட்டார்கள். பட்டறைக்குக் காரைத் தள்ளிக்கொண்டு வந்தபோது நான் எண்ணினேன். முகப்பு விளக்கு இரண்டு, பின் விளக்கு இரண்டு, பார்க்கிங் இரண்டு, டாஷ்போர்டில் ஒன்று, ஆக ஏழு பல்பும் கருகியிருந்தன. ஹாரன் ஒட்டிக்கொண்டு போயிருந்தது.

முதல் திருத்தம் சுலபம். காருக்கு ஒரு பேட்டரி, ஆறு வோல்ட்டோடு நிற்கட்டும். அதற்கு மேல் இரண்டாவதை ஏற்றி, ஆம்ப்ளிஃபயருக்கு மட்டும் பன்னிரண்டு எடுத்துக்கொள்ளலாம். செய்து கொடுத்தோம். பல்பு கருகவில்லை, மைக் பேசியது. ஆனால் கார் டைனமோ கீழே உள்ள பேட்டரிக்குத்தான் சார்ஜ் ஏற்றும். மேலே உள்ளது கொடுத்துக்கொண்டே இருக்கும், வாங்காது. மதியத்துக்குள் அது காலி. மைக் முனகும். பாய் பழக்க தோஷத்தில் தொண்டையைத் திறந்துவிடுவார். ஒரு வாரத்தில் கீறல் அதிகமானது.

"ராத்திரி ராத்திரி மேல் பேட்டரிய நம்ம பட்டறையில சார்ஜ் போட்டுக் குடுப்போம்" என்றேன்.

"அது வைத்தியம் இல்ல வே கணக்கு. நாளக் கடத்துறது" என்றார் அண்ணாச்சி. எதையும் எண்ணிக்கொண்டே இருப்பதால் என்னை அவர் கூப்பிடுகிற பெயர் கணக்கு. டைனமோவையே பன்னிரண்டுக்கு மாற்றலாம் என்றால் அந்தக் காருக்குப் பொருந்துவது எங்கும் கிடைக்கவில்லை. மாற்றினால் ஸ்டார்ட்டர், காயில், எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

அன்று தரையில் சாக்பீஸ் கோடு பட்டறை வாசல் வரைக்கும் போனது. காருக்கு உள்ள பேட்டரிக்கு மூத்தவன் என்றும், மேலே ஏறியதற்கு இளையவன் என்றும் அண்ணாச்சி பெயர் வைத்தார். காதர் பாய் மோதிரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு டைனமோ வட்டத்தில் நின்றார்.

"பெரியோர்களே, தாய்மார்களே, கரண்டு இதோ பொறப்பட்டாச்சு" என்றார் கரகரத்த குரலில்.

"பேசாம நடயும் பாய். டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

பாய் டைனமோ வட்டத்திலிருந்து கிளம்பி மூத்தவனுக்குள் நுழைந்து, காரின் உடம்பு வழியாகத் திரும்பி வந்தார். மறுபடியும் நடந்தார். எப்படி நடந்தாலும் அதே சுற்று. நின்று இளையவன் கட்டத்தைக் கைகாட்டினார்.

"அண்ணாச்சி, இவன் வீட்டுக்கு நான் போகவே வழியில்லயே. அப்ப இவனுக்குச் சோறு போடுறது யாரு?"

அண்ணாச்சி சாக்பீஸை விரலில் உருட்டிக்கொண்டு கோடுகளைச் சுற்றி நடந்தார். நான் இரண்டு வழி சொன்னேன், காதில் வாங்கவில்லை. பிறகு அவர் கேட்ட கேள்விக்கும் பேட்டரிக்கும் சம்பந்தமே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

"பாய், நீரு வண்டி ஓடும்போது பேசுவீரா, நின்னு பேசுவீரா?"

"நின்னுதான் அண்ணாச்சி. ஓடிக்கிட்டே சொன்னா ஒரு வீட்டுக்குப் படம் பேரு கேக்கும், அடுத்த வீட்டுக்கு டாக்கீஸ் பேருதான் கேக்கும். தெரு மொனையில நிப்பேன், முழுசாச் சொல்லுவேன், அடுத்த மொனைக்குப் போவேன். குதிர வண்டியிலயே அப்படித்தான்."

"ஓடும்போது?"

"ஓடும்போது வாயத் தொறக்கமாட்டேன். அதுதான் தொழில்."

அண்ணாச்சி குனிந்து பாதிக் கோட்டை உள்ளங்கையால் அழித்தார். "அப்ப ரெண்டு பேருக்கும் எந்நேரமும் ஒரே வரிசையில நிக்க என்ன வேல?"

புது வரைபடம் இப்படி. நின்று பேசும்போது இளையவன் மூத்தவனின் தோளில் ஏறி நிற்பான். ஆறும் ஆறும் பன்னிரண்டாகி மைக்குக்குப் போகும். கார் ஓடும்போது இளையவன் இறங்கி மூத்தவன் பக்கத்தில் வந்து நிற்பான். பாசிட்டிவோடு பாசிட்டிவ், நெகட்டிவோடு நெகட்டிவ். அப்போது இருவரும் சேர்ந்து ஆறு வோல்ட் தான், டைனமோ இருவருக்கும் சார்ஜ் ஏற்றும். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஒரு சுவிட்ச் போதும். எலெக்ட்ரிகல் படித்த நான் மைக்கைப் பற்றி யோசித்தேன், டைனமோவைப் பற்றி யோசித்தேன். அந்த மனிதர் எப்படிப் பேசுவார் என்று கேட்கத் தோன்றவில்லை. அண்ணாச்சிக்குத் தோன்றியது.

பாய் புதுக் கோட்டில் நடந்து பார்த்தார். சுவிட்ச் வரைந்த இடத்தில் ஒரு காலை அந்தக் கோட்டிலும் ஒரு காலை இந்தக் கோட்டிலும் வைத்து நின்றார்.

"அங்கன நிக்காதீரும்!" என்று அண்ணாச்சி போட்ட சத்தத்தில் பாய் குதித்து விலகினார். "ரெண்டு பக்கமும் கால் வச்சா மூத்தவன் நேரா எர்த்துல விழுந்துருவான். வயரு சிவந்து வண்டி எரியும். ஒரு கால எடுத்து அந்தரத்துல வச்சப் பெறவுதான் மத்த பக்கம் ஊனணும்."

அதற்குத் தோதான சுவிட்ச் வண்டிக் கடையில் கிடைக்கவில்லை. விசைத்தறிக் கூடம் ஒன்றில் கிடைத்தது. மேலே தள்ளினால் ஒரு பக்கம், கீழே தள்ளினால் மறு பக்கம், நடுவில் எதையும் தொடாமல் நிற்கிற இரட்டைக் கத்தி சுவிட்ச். காலியான இளையவன் திடீரென்று பக்கத்தில் வந்து நின்றால் மூத்தவனிடமிருந்து வெள்ளம் போலக் கரண்ட் பாயும்; அதைத் தணிக்க மின்சார அடுப்புச் சுருள் துண்டுகளைச் சேர்த்து முறுக்கி, ஓட்டு வில்லையின் மேல் கட்டி, பக்கத்தில் நிற்கும் பாதையில் மட்டும் வைத்தார் அண்ணாச்சி. மைக்குக்குப் போகும் வயரில் ஓர் ஆம்பியர் மீட்டர். அது எதற்கு என்று பாய் கேட்டார்.

"பேசும், காட்டுதேன்."

பாய் மைக்கைப் பிடித்தவுடன் பழைய வேகத்தில் முழங்கினார். முள் எகிறிக் கடைசி எண்ணில் போய் நின்றது. "இப்ப எங்கிட்டப் பேசுத மாதிரிப் பேசும்" என்றார் அண்ணாச்சி. பேசினார். முள் இறங்கி இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஆடியது.

"பாத்தீரா? நீரு கத்துனா ஒம்ம தொண்டையும் போவுது, இளையவனும் போறான். ரெண்டு பேருக்கும் ஒரே முள்ளு."

பாய் மூன்று வாரம் ஊரைச் சுற்றினார். முனையில் நிறுத்துவார், சுவிட்சின் கைப்பிடியை மேலே தள்ளுவார், சொல்வார், கீழே தள்ளுவார், போவார். மைக் முனகவில்லை. கீறலும் கூடவில்லை. ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டத்தில் காணாமல் போகிறவர்களை அறிவிக்கிற வேலையை விழாக் கமிட்டி அவருக்கே கொடுத்தது.

தபசன்று பிற்பகல் பாயின் மச்சான் மூச்சிரைக்கப் பட்டறைக்கு ஓடி வந்தான். "அண்ணாச்சி, மைக் எறங்கிப்போச்சு. மச்சான் தொண்டையத் தொறந்துட்டாரு. சொன்னாக் கேக்கமாட்டேங்காரு."

எனக்கு உடனே புரிந்தது. தபசு மண்டபத்துப் பக்கம் நிறுத்திய கார் காலையிலிருந்து அங்குலம் நகர்ந்திருக்காது. ஓடாத காரில் டைனமோ தூங்கும். ஓடி நிற்கிற வேலைக்குச் செய்த ஏற்பாடு, நின்றே கிடக்கிற நாளில் என்ன செய்யும்? பட்டறையில் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி ஒன்றுகூட அன்று கைவசம் இல்லை. அண்ணாச்சி கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டே நடந்தார்.

ரத வீதியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் போக முடிந்தது. சாமி காட்சிக்குக் காத்திருக்கிற ஜனம். கார் பானட்டின் மேல், ஜனம் நேர்ச்சையாக வீசிய பருத்தியும் வத்தலும் சிதறிக் கிடந்தன. அதன் நடுவே ஒரு சிறு பெண் குழந்தை உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது. பாய் மைக்கை வாயோடு ஒட்டிக் கத்திக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பாதிச் சொல் வெளியே வந்தது, பாதி காற்றாக வந்தது.

அண்ணாச்சி ஜன்னல் வழியாகக் கையை விட்டுக் கைப்பிடியை நடுவில் இழுத்து நிறுத்தினார். மைக் செத்தது.

"அண்ணாச்சி, பிள்ளய விட்டுட்டு ஒரு தாய் அலையுதா" என்றார் பாய். குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. கண் கலங்கியிருந்தது.

"பிள்ள பத்திரமா இங்கன இருக்கு. அவ வந்துருவா. ஒம்ம தொண்ட போனா வராது. வாய மூடும். கணக்கு, நீ ஏறி ஆக்ஸிலேட்டர மிதி."

நான் ஏறி மிதித்தேன். கைப்பிடி கீழே இறங்கியது. நின்றபடியே என்ஜின் இரைந்ததும் டைனமோ விழித்துக்கொண்டது. அடுப்புச் சுருள் சூடேறி வாசனை வந்தது. ரேடியேட்டர் கொதித்துவிடுமே என்று நான் புலம்பினேன். தண்ணீர்ப் பந்தல்காரர்களிடம் அண்ணாச்சி ஒரு குடம் வாங்கி, ஈரச் சாக்கை ரேடியேட்டர் முகப்பில் போட்டு ஊற்றிக்கொண்டே இருந்தார். அதற்குள் பாய் குழந்தையிடம் குனிந்து கேட்டார்.

"உங்க ஊரு எதும்மா?"

"எங்க ஊரு."

"அப்பா பேரு?"

"அப்பா."

"வீட்டுல வேற யாரு இருக்கா?"

"கருப்பன்" என்றது குழந்தை, அழுகையை நிறுத்தி. "ஆட்டுக்குட்டி. காது மட்டும் வெள்ள."

போதும் என்று அண்ணாச்சி கை காட்டினார். நான் காலை எடுத்தேன். அவர் கையைக் கைப்பிடியிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்: "பாய், இதுல கொஞ்சந்தான் இருக்கு. முள்ளு மூணத் தாண்டுச்சுன்னா புடுங்கிருவேன்."

கைப்பிடி மேலே ஏறியது. பாய் மீட்டரைப் பார்த்துக்கொண்டே, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோலச் சொன்னார். "வீட்ல கருப்பன்னு ஒரு ஆட்டுக்குட்டி. காது மட்டும் வெள்ள. அந்த வீட்டுப் பிள்ள எங்கிட்ட இருக்கு. அழல. வந்து கூட்டிட்டுப் போங்க."

அவ்வளவு தாழ்வாக மைக்கில் யாரும் பேசி அந்த வீதி கேட்டதில்லை. என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று பின்னால் நின்றவர்கள் கேட்க, பக்கத்தில் நின்றவர்கள் திரும்பி, பேசாம இருங்களேன் என்று அதட்டினார்கள். அதட்டல் அலைபோலப் பின்னால் போனது. இரண்டாவது முறை அவர் சொன்னபோது கூட்டம் அடங்கியிருந்தது. முள் மூன்றைத் தொடவில்லை. கைப்பிடி இறங்கியது, நான் மிதித்தேன்.

கொஞ்ச நேரத்தில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு பெண் வந்தாள். "எங்க கருப்பன எப்படிங்க உங்களுக்குத் தெரியும்?" என்று கேட்டுக்கொண்டே குழந்தையை வாரி எடுத்தாள்.

அதற்குப் பிறகும் வேலை ஓயவில்லை. பை தொலைத்தவர், அண்ணனைத் தொலைத்தவர், செருப்புக்குக் கூட ஒருவர் வந்தார். அவரை அண்ணாச்சி திருப்பி அனுப்பினார். கைப்பிடி ஏறும்போது பாய் பேசினார், இறங்கும்போது வாய் மூடினார். ஓரிரு முறை ஆவேசத்தில் குரல் எழும்ப, அண்ணாச்சி சொன்னபடியே பிடுங்கிவிட்டார். சாமி காட்சி கொடுத்துக் கூட்டம் கலையும்வரை அந்த வெள்ளைச் சட்டைக்காரர் ஜன்னலோரம் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. ஊர் முழுக்கச் சாமியைப் பார்த்தது. அவர் முள்ளைப் பார்த்தார்.

கடைசியில் பாய் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது. அண்ணாச்சி அவர் தோளைத் தட்டி, ஒன்றும் பேசாமல் வீட்டுக்குப் போகச் சொல்லி அனுப்பினார். போகிறவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். நாங்கள் வந்து சேர்வதற்கு முன் அவர் கத்தியது எவ்வளவு, அதற்குள் என்ன போயிற்று என்று எங்களுக்குத் தெரியாது.

மறுநாள் காலை பட்டறையில் நான் ஒரு வேலையும் ஓடாமல் டிஸ்டில் வாட்டர் பாட்டில்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி யாருடைய பேட்டரியையோ திறந்து வைத்துக்கொண்டு எதையும் செய்யாமல் நின்றார். காதர் பாய் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. தொண்டையில் ஒரு கையை வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்தார்.

"அண்ணாச்சி" என்றார். சொல் முழுதாக வந்தது. உடைசல் இல்லை. "மூணு டீ சொல்லட்டுமா?"

அண்ணாச்சி உடனே பேட்டரிக்குள் குனிந்துகொண்டார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

"சொல்லும். மெதுவாவே சொல்லும் பாய். கடக்காரருக்குக் கேக்கும்."